மோட்டார் திருட்டைத் தடுக்க: புது விதியா, காவலா, கம்பியா? கூட்டத்துக்குப் போகுமுன் ஓர் ஒப்பீடு

ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்படும் காலம் வந்தாலே கோலாலம்பூர் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி வரும். செந்தூல், ஜாலான் ஈப்போ, ஸ்தாப்பாக், செராஸ் என்று இடம்தான் மாறும், விஷயம் ஒன்றுதான். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் காலையில் இல்லை. நிர்வாகக் குழு புது விதிகளோடு வந்து நிற்கிறது: எல்லா வண்டிக்கும் ஸ்டிக்கர், இரவு 11 மணிக்கு மேல் விருந்தாளிக்கு அனுமதி இல்லை, மீறினால் 200 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். இன்னொரு தரப்பு, இருக்கிற விதியையே யாரும் கவனிப்பதில்லை, காவலரைக் கூட்டுங்கள் என்கிறது. மூன்றாவது தரப்பு, பேச்சு வேண்டாம், கம்பியும் விளக்கும் போடுங்கள் என்கிறது. எதற்குக் கை தூக்குவது?

திருடுவது என்று முடிவெடுத்து வருகிறவன் இன்னொரு விதியைப் பார்த்துத் திரும்பிப் போவானா என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் கேள்வி. போகமாட்டான் என்பதே என் கருத்து. ஆனால் அதற்காக எல்லா விதியும் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு விதி அவன் வரும் வழியில் ஓர் ஆளையோ ஒரு தடையையோ கொண்டுவந்து நிறுத்துமானால் அது வேலை செய்யும். நிறுத்தாவிட்டால் அதன் முழுப் பாரமும் ஒழுங்காக இருப்பவர்கள் தலையில்தான் விழும்.

## எதை வைத்து அளப்பது

முதலில், யாரைத் தடுக்கப் பார்க்கிறோம் என்று தெளிவு வேண்டும். மோட்டார் திருடுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. வேனோடும் கட்டர் கருவியோடும் வந்து, எந்த மாடல் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து தூக்குகிறவன் ஒருவன். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மேலே போனதைப் பார்த்துக் கை வைக்கிற பையன் இன்னொருவன். அப்புறம், உள்ளேயே குடியிருந்துகொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ தகவல் கொடுக்கிறவன். இந்த மூவருக்கும் ஒரே மருந்து கிடையாது.

அடுத்து, பாரம் யாருக்கு, பணம் எந்தக் கணக்கிலிருந்து, அது ஒருமுறைச் செலவா மாதச் செலவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதை: இந்த ஏற்பாட்டை யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் செயல்படுத்துவார்? விடிகாலை மூன்று மணிக்கு என்ன நடக்கும் என்று குழுவைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடும்.

## புது விதிகள்

சட்டத்திலிருந்து தொடங்குவோம். அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், நிர்வாக அமைப்புக்குக் கூடுதல் துணை விதிகள் போட அதிகாரம் தருகிறது. அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, செல்லுபடியாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு கிடைக்க வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 200 வெள்ளி. அதை விதிக்கக்கூடியவர்கள் மூன்று வகையினர்தான்: வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர், அவர்கள் அழைத்து வந்தவர். திருடன் இந்த மூன்றிலும் வரமாட்டான். மோட்டார் திருட்டுக்கென்று எழுதப்பட்ட விதி, எழுத்தளவிலேயே மோட்டார் திருடனைத் தொடவில்லை.

தண்டனைச் சட்டம் அவனை ஏற்கெனவே தொடுகிறது. வாகனத் திருட்டுக்கு 379ஏ பிரிவில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை, அதோடு அபராதமும் உண்டு. ஏழாண்டுச் சிறையைக் கணக்கில் எடுக்காமல் வருகிறவனை, கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகை தடுக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஸ்டிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல அடுக்குமாடிகளில் அது வண்டியின் முன்பக்கம் ஒட்டப்படுகிறது. வாசலில் காவலர் என்ன பார்க்கிறார்? ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்கிறார். உங்கள் வண்டியைத் திருடிக்கொண்டு போகிறவன் உங்கள் ஸ்டிக்கரையும் சேர்த்துத்தான் ஓட்டிக்கொண்டு போகிறான். காவலர் கையசைத்து வழி விடுகிறார். செந்தூல் பக்கம் ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "தம்பி, ஸ்டிக்கர் இல்லாத என் மாப்பிள்ளை வண்டியத்தான் நிறுத்துறாங்க, ஸ்டிக்கர் உள்ள என் வண்டி காணாமப் போச்சே" என்றார். குழுவில் இருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதே பணத்தில் ஓட்டுநர் சட்டைப் பையில் வைத்திருக்கும் கார்டைக் காட்டினால்தான் வெளியே போக முடியும் என்று வைத்திருந்தால், வண்டியைத் திருடியவனுக்குக் கார்டையும் திருட வேண்டிய வேலை வந்திருக்கும். இரண்டுமே 'பதிவு விதி'தான். ஒன்று திருடனுக்கு அனுமதிச் சீட்டு, மற்றது தடை.

விருந்தாளிக்கு நேரக் கட்டுப்பாடு போடுவதை நான் எதிர்க்கிறேன். இரவு வேலை முடிந்து வரும் மகள், உடம்பு முடியாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்து தங்குகிறவர், பிரசவத்துக்கு வந்த மாமியார் என்று அது கடிப்பது இவர்களைத்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூட்டத்தில் சொந்த வாக்கு இல்லை. ஆனால் விதி அவர்களையும் கட்டும். இன்னொன்று, வருகிறவர்களின் அடையாள அட்டையைக் காவலர் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சில குழுக்கள் விதி எழுதுகின்றன. தனியார் காவலருக்கு மைகார்டைப் பிடித்து வைக்கும் அதிகாரம் கிடையாது. உங்கள் தீர்மானம் அந்த அதிகாரத்தைத் தந்துவிடவும் முடியாது.

மறைமுகச் செலவு ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டணப் பாக்கி வைத்தவர்களின் நுழைவுக் கார்டை முடக்க விதிகள் இடம் தருகின்றன. பாக்கி வசூலிக்க அது உதவும், சரிதான். ஆனால் கார்டு முடங்கிய குடும்பம் வீடு போய்ச் சேர வேண்டுமே. பக்கவாட்டுக் கதவின் இடுக்கில் ஒரு செங்கல் வந்துவிடும். அந்தச் செங்கல் யார் நுழைந்தாலும் தடுக்காது.

அப்படியானால் விதி எங்கே வெல்கிறது? மேற்கு ஜெர்மனியில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்த சான்று. அங்கே 1980-இல், ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் ஓட்டினால் அங்கேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள். நோக்கம் உயிர்ப் பாதுகாப்பு மட்டும். ஆனால் 1980-இல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-இல் சுமார் 54,000-க்கு இறங்கிவிட்டது. காரணம் எளிமையானது. கண்ணில் பட்ட வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் கையோடு ஹெல்மெட் கொண்டுவருவதில்லை. வெறுந்தலையோடு போனால் முதல் சந்தியிலேயே போலீஸ் கண்ணில் பட்டுவிடுவான். திட்டம் போட்டுத் திருடுகிறவன் ஹெல்மெட்டோடு வந்திருப்பான், அவனுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் திட்டம் இல்லாதவர்கள் எவ்வளவு பேர் என்பதை அந்தச் சரிவு காட்டிவிட்டது.

நம் ஊரில் ஹெல்மெட் 1973 முதலே கட்டாயம். அதனால் இங்கே அதே பொருள் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. முகம் மறைத்து வருகிறவன் சாதாரணமாகத் தெரிகிறான். ஆகவே வாசலில் நின்று கண்ணாடியை மேலே தூக்கி முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற சின்ன விதியை நான் ஆதரிப்பேன். சில வினாடிதான் ஆகும். செயல்படுத்த ஆள் அங்கேயே நிற்கிறார். கேமராவில் முகம் பதிகிறது.

மீறுகிறவர் யார் என்று தெரிந்திருக்கும்போதும் விதிதான் சிறந்தது. மோண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் குடியிருப்பில், வீடுகளைக் குறுகியகால வாடகைக்கு விடுவதைத் தடுத்து, மீறினால் நாளொன்றுக்கு 200 வெள்ளி அபராதம் என்று நிர்வாகம் விதி போட்டது. 2020-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் என்றது. மீறுகிறவருக்கு முகவரி இருக்கிறது, சொத்து இருக்கிறது, பில் அனுப்பலாம். 2019-இல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்ததும் இதே போல்தான். மாமாக் கடையில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் சட்டத்தை உடைத்தே தீருவேன் என்று வந்தவர்கள் இல்லை. தவிர, கடைக்காரருக்கும் பொறுப்பு இருந்ததால் ஒவ்வொரு மேசைக்கும் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார்.

## இருக்கும் விதியை நிறைவேற்றுவது

தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. அமெரிக்க ஆய்வாளர் டேனியல் நாகின் 2013-இல் அதுவரையான ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னதும் அதுதான். நம் நாட்டு அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983-இல் கட்டாய மரண தண்டனை வந்தது. அதைவிடப் பெரிய தண்டனை ஏது? கடத்தல் நிற்கவில்லை. 2023 ஜூலையில் அந்தக் 'கட்டாயம்' எடுக்கப்பட்டது. குடித்து ஓட்டி உயிர் போக்கினால் 10 முதல் 15 ஆண்டு சிறை என்று 2020 அக்டோபரில் சட்டம் இறுகியது. நான் அதை ஆதரிக்கிறேன், இழந்த குடும்பங்களுக்கு அது நியாயம். ஆனால் சனிக்கிழமை இரவு சாவியைக் கையில் எடுக்கிறவர் யோசிப்பது பதினைந்து ஆண்டைப் பற்றியா, வழியில் போலீஸ் சாலைத் தடுப்பு இருக்குமா என்பதைப் பற்றியா?

அடுக்குமாடியில் இந்த நிச்சயத்தைக் கொண்டுவருவது காவலரும் கேமராவும் போலீஸ் புகாரும். மூன்றிலும் ஓட்டை உண்டு.

காவலர் விலை கூடிய ஏற்பாடு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றாலும் ஒரே ஓர் இடத்தில் இரவு பகலாக ஆள் நிற்க இருவர் வேண்டும், ஓய்வு நாளுக்கு மாற்று ஆள் வேண்டும், கூடுதல் நேரச் சம்பளமும் ஏஜென்சியின் பங்கும் இதில் சேரும். இதெல்லாம் மாதாமாதம் பராமரிப்புக் கணக்கிலிருந்து போகும். வசூல் பாதிதான் வருகிறது என்றால் இரண்டாவது காவலரை ஆண்டு முழுக்க வைத்திருக்க முடியாது.

ஒரே காவலர் உள்ள இடத்தில் ஒருநாள் இரவு நின்று பாருங்கள். அவர் ரோந்து போய் ஒவ்வொரு மாடிப்படியிலும் கருவியைத் தொட்டு நேரம் பதிவு செய்யும் அந்தக் கொஞ்ச நேரம் வாசல் காலி. இன்னொன்றும் கண்ணில் படும். கார் வழியில் பூம் கேட் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் மோட்டார் போகும் ஒற்றையடி வழியில் ஒன்றும் இல்லை. சில இடங்களில் அது கட்டைகூட இல்லாத ஓர் இடைவெளிதான். மோட்டார் திருட்டைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் அந்த இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அங்கே ஒரு சின்ன தடுப்பு போட்டாலே ஒரு காவலரின் வேலை இரண்டு மடங்கு பயன் தரும்.

கேமராவைப் பற்றி 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நாற்பது ஆண்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தத்தில் குற்றம் 13 விழுக்காடு குறைந்திருந்தது. வாகன நிறுத்துமிடங்களில் மட்டும் 37 விழுக்காடு. ஆக, பணத்தைக் கேமராவில் போடுவதென்றால் லிஃப்டை விடக் கீழ்த்தளத்தில் போடுங்கள், யாராவது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகத் தெரிகிறதா என்று இரவில் சோதிக்காமல் பில்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

புகார் கொடுப்பதில் நம் ஆட்கள் சுணங்குகிறார்கள். பழைய ஈஎக்ஸ்5 மோட்டாருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருக்கும், திருட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது, அப்புறம் ஸ்டேஷனுக்கு ஏன் அலைவது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் புகார் இல்லாத திருட்டு போலீஸ் கணக்கில் நடக்காத திருட்டு. ரோந்து கேட்டுப் போகும்போது கையில் புகார் எண்கள் இருந்தால் பேச்சே வேறு.

உள்ளே இருக்கிறவனே தகவல் கொடுக்கும் இடத்தில் காவலரைக் கூட்டுவது பயன் தராது. வேலியே பயிரை மேய்கிற கதை அது. அங்கே பதிவேடுகளைக் குடியிருப்பாளர்களில் ஒருவர் வாராவாரம் பார்ப்பதும், ஏஜென்சியிடம் ஆளை மாற்றக் கேட்பதும்தான் வழி.

## இடத்தின் அமைப்பை மாற்றுவது

தரையில் கான்கிரீட்டுக்குள் இறக்கிய இரும்புக் கம்பி, சங்கிலி கட்ட வளையம், நல்ல வெளிச்சம். திருடனின் மனதோடு இதற்குப் பேச்சு இல்லை. அவன் துணிந்தவனா, துணியாதவனா என்று பார்க்காது. வேலையை நீளமாக்கும், சத்தமாக்கும்.

ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஓங்கி ஓர் உதை விட்டால் உடைந்துவிடும், அது எல்லாத் திருடனுக்கும் தெரியும். சங்கிலி முன்சக்கரத்தில் மட்டும் போனால் சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைத் தூக்குவான். சங்கிலி வண்டியின் சட்டத்தின் (ஃபிரேம்) வழியாகப் போய், தரைக் கம்பியில் கட்டப்பட வேண்டும். வேனில் வருகிறவனுக்கு எதிராக இந்த மூன்று வழிகளில் நேரடியாகக் கொஞ்சமாவது நிற்பது இது மட்டும்தான், ஏனென்றால் தரையோடு கட்டிய வண்டியை அப்படியே தூக்கிப் போட முடியாது.

இதற்கும் மேற்கு ஜெர்மனியில் பழைய சான்று உண்டு. 1963-இல் அங்கே எல்லாக் கார்களுக்கும், பழையது புதியது என்று பாராமல், ஸ்டியரிங் பூட்டு கட்டாயமானது. திருட்டு இறங்கியது, பல ஆண்டுகள் ஏறவில்லை. பிரிட்டன் 1971-இல் புதுக் கார்களுக்கு மட்டும் கேட்டது. திருடர்கள் பழைய கார்களுக்குப் போய்விட்டார்கள். நமக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது: 'ஏ' பிளாக்குக்கு இந்த ஆண்டு, 'பி' பிளாக்குக்கு அடுத்த ஆண்டு என்று கம்பி போடாதீர்கள்.

கவனித்தால், அந்த ஸ்டியரிங் பூட்டுக் கட்டாயமும் ஒரு கூடுதல் விதிதான். ஆனால் அது திருடனிடம் எதையும் கேட்கவில்லை. கார் விற்கிறவரையும் வைத்திருப்பவரையும் ஒரு பூட்டு போடச் சொன்னது, அவர்கள் சொன்னால் கேட்கிறவர்கள். நம் நாட்டில் 2004-இல் தொடங்கிய பாதுகாப்பான நகரம் திட்டமும் அதே வழி. வழிப்பறிக்காரர்கள் மோட்டாரில் வந்து கைப்பையை இழுத்தார்கள். அதற்கு நடைபாதையையும் சாலையையும் பிரித்துக் கம்பித் தடுப்பு, வெளிச்சம், மோட்டாரைப் பூட்டி வைக்கும் வசதி என்று திட்டம் பட்டியல் போட்டது.

இங்கே தடுத்தால் பக்கத்து பிளாக்குக்குப் போவானே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 2009-இல் 102 ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பில், குற்றம் இடம் மாறியதாகத் தெரிந்தது சுமார் 26 விழுக்காடு நேர்வுகளில். அதற்குச் சமமாக 27 விழுக்காடு நேர்வுகளில் பக்கத்து இடங்களிலும் குற்றம் குறைந்திருந்தது. பக்கத்து பிளாக்காரர் பயப்படத் தேவையில்லை, அவர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

செலவு ஒருமுறைதான். பொதுச் சொத்தை மேம்படுத்தும் மூலதனச் செலவு என்பதால், பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டிலிருந்து எடுக்கலாம், மாதக் கட்டணம் ஏறாது. மறைமுகச் செலவும் இருக்கிறது. மலிவாக வெல்டிங் செய்தால் மழைச்சாரல் பட்டுத் துருவேறி இரண்டு உதையில் பெயர்ந்து வரும். கம்பி போட்டால் நிறுத்தும் இடம் குறையும், யாருக்கு எது என்று சண்டை வரும். ஆர்வத்தில் அவசரப் படிக்கட்டுக் கதவையும் பூட்டிவிடாதீர்கள். தீப்பிடித்தால் அது உயிர் போகும் விஷயம், பொம்பாவும் (தீயணைப்புத் துறை) விடமாட்டார்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | புது விதி | நிறைவேற்றம் | இட அமைப்பு மாற்றம் |
|---|---|---|---|
| திட்டமிட்டு வருபவன் | தடுக்காது | பிடிபடும் வாய்ப்பு கூடினால் ஓரளவு | ஓரளவு தடுக்கும் |
| சந்தர்ப்பம் பார்ப்பவன் | வாசலில் சோதித்தால் மட்டும் | தடுக்கும் | நன்றாகத் தடுக்கும் |
| உள்ளே இருப்பவன் | அடையாளம் தெரிந்தால் தடுக்கும் | பதிவேட்டைப் பார்த்தால் மட்டும் | ஓரளவு |
| பாரம் | ஒழுங்காக இருப்பவர்கள் | எல்லாரும், மாதாமாதம் | எல்லாரும், ஒருமுறை |
| பணம் | மிகக் குறைவு | பராமரிப்புக் கணக்கு | சிங்கிங் ஃபண்ட் |

## யாருக்கு எது

கட்டண வசூல் மோசமாக உள்ள மலிவுவிலை அடுக்குமாடி என்றால் யோசிக்க வேண்டாம், கம்பிக்கும் விளக்குக்கும் போங்கள். காவலரை நியமித்து ஆறாம் மாதம் நிறுத்துவதைவிட அது மேல். ஏற்கெனவே காவலரும் பூம் கேட்டும் உள்ள கொண்டோ என்றால் புதிதாக எதுவும் வாங்குமுன் மோட்டார் வழியை அடையுங்கள், ஸ்டிக்கரைக் கைக்கார்டாக மாற்றுங்கள், ஹெல்மெட் கண்ணாடி விதியைச் சேருங்கள். தொல்லை தருவது குறுகியகால வாடகைக்காரர்களோ இடம் மாற்றி நிறுத்துகிற குடியிருப்பாளர்களோ என்றால், அங்கே துணை விதியும் அபராதமும்தான் சரியான கருவி. அதைத் தயங்காமல் கொண்டுவாருங்கள்.

கூட்டத்துக்கு 21 நாளுக்கும் குறைவாக இருந்தால் புது விதி இந்தமுறை முடியாது. கம்பிக்கும் விளக்குக்கும் சிறப்புத் தீர்மானம் தேவைப்படாது, ஆனால் குழுவுக்குச் செலவு வரம்பு வைத்திருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வழிக்கு வாக்களிப்பதாக இருந்தாலும் போன ஓராண்டில் போன வண்டிகளின் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள்: எந்த இடத்தில் நின்றது, எத்தனை மணிக்குப் போனது, சங்கிலி இருந்ததா, எந்த வாசல் வழியாக வெளியேறியது, புகார் எண் என்ன. பட்டியல் இல்லாமல் கை தூக்கச் சொன்னால், தீர்மானத்தைத் தள்ளிவைக்கும்படி எழுந்து கேளுங்கள்.